அழுத்தமா, அடர்த்தியா: எஸ்.பி.ஆர். சென்சார் எடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு

அக்கா மகன் எம்.டெக். இரண்டாம் வருடம். பெங்களூரு மர்ஃபி டவுனில் மூன்று பையன்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், ஞாயிறு மதியம் மட்டும் அல்சூரில் எங்கள் வீட்டில் சாப்பாடு. போன மாதம் ஒரு ஞாயிறு, ரசத்துக்கு வருவதற்குள்ளேயே, "மாமா, எஸ்.பி.ஆர். வச்சு வாயு அழுத்தம் அளக்கப்போறேன், ப்ராஜெக்ட் அதுதான், கைடு சரின்னுட்டார்" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து வருடம் முன்பு இதே ஆசையில் நானும், தங்கப் படலத்தில் லேசர் அடித்து அளக்கிற ஒரு பெட்டி கட்டினேன். ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டியதுதான் மிச்சம், இப்போது அது பட்டறை மூலையில் தூசி தின்றுகொண்டிருக்கிறது.

எங்களுடையது பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறை. பிரஷர் கேஜ் காலிபரேஷன்தான் சோறு போடுகிற தொழில், ஒளியியல் எல்லாம் என் சொந்தக் கிறுக்கு. அந்த வாரமே இன்னொருவரும் வந்தார்: ஹைட்ரஜன் லைனுக்கு மின்சாரமே போகாத சென்சார் வேண்டும், ஒளியால் அளக்கிறதாமே, அதைக் கட்டித் தர முடியுமா என்று. பையனுக்கும் அவருக்கும் பதில் வேறு வேறு. ஆனால் இருவரும் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே: உனக்கு வேண்டியது அழுத்தமா, அடர்த்தியா?

எஸ்.பி.ஆர். என்றால் பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு. கண்ணாடி முப்பட்டகத்தின் ஒரு முகத்தில் ஐம்பது நானோமீட்டர் அளவுக்குத் தங்கம் பூசி, கண்ணாடிக்குள்ளிருந்து லேசரை அடித்தால் ஒளி பெரும்பாலும் அப்படியே திரும்பி வரும். ஒரே ஒரு கோணத்தில் மட்டும் திரும்புகிற ஒளி சட்டென்று செத்துப்போகும், ஏனென்றால் அந்தக் கோணத்தில் அது தங்கத்தின் வெளிப்பரப்பில் எலக்ட்ரான் அலையாக மாறி ஓடி வெப்பமாகத் தீர்ந்துவிடுகிறது. அந்த இருட்டுப் பள்ளம் எந்தக் கோணத்தில் விழும் என்பதைத் தங்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் ஒளிவிலகல் எண், அதாவது அது ஒளியை எத்தனை மடங்கு மெதுவாக்குகிறது என்ற எண், தீர்மானிக்கிறது. வுட் என்பவர் 1902-லேயே உலோகக் கீற்றணிகளில் (நெருக்கமாகக் கோடு கீறிய தகடுகளில்) காரணம் புரியாத இருட்டுப் பட்டைகளைப் பார்த்துவிட்டார். முப்பட்டகம் வைத்து இதைக் கிளப்பும் வழியை 1968-ல் ஒரு பக்கம் ஓட்டோவும் இன்னொரு பக்கம் கிரெட்ஷ்மன், ரேத்தர் இருவரும் காட்டினார்கள். 1983-ல் ஸ்வீடனில் லிட்பெர்க், நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் மூவரும் இதை வாயுவைக் கண்டுபிடிக்கவும் உயிரி மூலக்கூறுகளைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தினார்கள். அதற்கப்புறம் 1990-ல் பயாகோர் கருவி சந்தைக்கு வந்து, மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் அது அன்றாடச் சாமான் ஆகிவிட்டது. அதாவது நிரூபணமான சங்கதி, சந்தேகமே இல்லை. நான் சந்தேகப்படுவது வாயு அழுத்தத்துக்கு இதைக் கொண்டுவருவதைத்தான்.

கணக்கைப் பார்ப்போம். அறை வெப்பநிலையில், ஒரு பார் அழுத்தத்தில் (கடல்மட்டத்துக் காற்றழுத்தம் ஏறக்குறைய அதுதான்), காற்றின் ஒளிவிலகல் எண் 1.00027. வெற்றிடத்துக்கு 1. ஆக, ஒன்றுமே இல்லாததற்கும் முழுக் காற்றுக்கும் இடையே உள்ள மொத்த வித்தியாசமே 0.00027. பிகே7 கண்ணாடி, தங்கம், 633 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர் என்று வழக்கமான அமைப்பை எடுத்துக்கொண்டால் காற்றில் பள்ளம் 43.6 டிகிரி பக்கத்தில் விழும், அங்கே ஒளிவிலகல் எண்ணில் ஒன்றுக்கு ஏறக்குறைய 60 டிகிரி என்ற விகிதத்தில் நகரும். பெருக்கிப் பார்த்தால் வெற்றிடத்திலிருந்து ஒரு பார் வரைக்கும் போக, பள்ளம் நகர்வது 0.016 டிகிரி! பள்ளத்தின் அகலமோ ஏறக்குறைய ஒரு டிகிரி. அல்சூர் ஏரியின் ஓரத்தில் நின்றுகொண்டு, ஏரியின் நடுப்புள்ளி அறுபதில் ஒரு பங்கு நகர்ந்ததா என்று பார்த்துச் சொல்வது போல, அதுவும் காற்று மொத்தமாக இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே.

தங்கத்துக்குப் பதில் வெள்ளி பூசினால் பள்ளம் ஒல்லியாகும், ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு. ஆனால் வெள்ளி என்ன ஆகும் என்று கொலுசு போட்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காற்றில் கந்தகம் துளி இருந்தால் போதும், கறுத்துவிடும். கொலுசைப் பல்பொடி போட்டுத் தேய்க்கலாம், ஐம்பது நானோமீட்டர் படலத்தைத் தேய்க்க முடியாது.

சரி, நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பதில் கணிதமும் நல்ல கேமராவும் நிறைய உதவும். நல்ல எஸ்.பி.ஆர். கருவிகள் ஒளிவிலகல் எண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்தைப் பிடித்துவிடும், மிகச் சிறந்தவை கோடியில் ஒரு பங்கு வரை போகும். முதலாவதை அழுத்தமாக மாற்றினால் 3.7 மில்லிபார், இரண்டாவது 0.4 மில்லிபார் பக்கம். இதைக் கேட்டதும் பையன் முகம் மலர்ந்தது. மோசமில்லையே மாமா என்றான். எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பிஎம்பி280 என்ற காற்றழுத்தச் சில்லின் தரவுத்தாளைத் திறந்து காட்டினேன்: 300 முதல் 1100 மில்லிபார் வரை, ஒப்பீட்டுத் துல்லியம் 0.12 மில்லிபார். இந்த மாதிரிச் சில்லுதான் பல போன்களுக்குள்ளேயும் உட்கார்ந்திருக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்து, அதிர்வு தாங்கும் மேசை போட்டு, போனில் இருப்பதைவிட மோசமாக அளப்பதற்குக் காரணம் வேண்டும். சில இடங்களில் காரணம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

துல்லியத்தைவிடப் பெரிய சிக்கல், எஸ்.பி.ஆருக்கு அழுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிவது தங்கத்தின் மேல் முந்நூறு நானோமீட்டர் தூரத்துக்குள் எத்தனை மூலக்கூறுகள் கூட்டமாக நிற்கின்றன, அவை என்ன ஜாதி மூலக்கூறுகள் என்பது மட்டும்தான். அதாவது அடர்த்தி, வாயுவின் வகை. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால், அழுத்தம் மாறாமலே, கூட்டம் 293-ல் ஒரு பங்கு கலைகிறது. ஒரு பாரில் அது 3.4 மில்லிபார் பொய். வகை மாறினால் இன்னும் கூத்து. பூஜ்யம் டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒளிவிலகல் எண் ஒன்றைத் தாண்டி நிற்கும் அளவு காற்றுக்கு 0.00029, ஹீலியத்துக்கு 0.000035, கரியமில வாயுவுக்கு 0.00045. காற்றுக்கு அளவு குறித்த சென்சாரை ஒரு பார் ஹீலியத்தில் வைத்தால், கிட்டத்தட்ட வெற்றிடம் என்று அறிக்கை கொடுக்கும். கரியமில வாயுவில் வைத்தால் ஒன்றரை பார் என்று பதறும். சவ்வு வைத்த சென்சாருக்கு இந்தக் கவலை கிடையாது. யார் தள்ளினாலும் அதற்குத் தள்ளுதான்.

இங்கே என் பெட்டியின் கதை. ஹீலியம்-நியான் வாங்கக் காசில்லை என்று சிவப்பு டயோடு லேசர் போட்டிருந்தேன். கோணத்தைப் பள்ளத்தின் சரிவில் பூட்டிவிட்டு, திரும்புகிற ஒளியை வோல்ட்டில் பதிவு செய்வது ஏற்பாடு. நம் ஊர்ப்பக்கம் காற்றழுத்தத்துக்கு ஒரு தினசரி ஓதம் உண்டு: காலை பத்து மணி சுமாருக்கு உச்சம், மாலை நாலுக்குப் பள்ளம், இரவு பத்துக்கு மறுபடி உச்சம், விடியற்காலை நாலுக்கு மறுபடி பள்ளம், மொத்த ஆட்டம் மூன்று மில்லிபார் போல. வெப்ப மண்டலத்தில் வானிலை அமைதியாக இருந்தால் இது கடிகாரம் மாதிரி நடக்கும். எங்கள் பதிவில் காலை பத்துக்கு மேல் கோடு இறங்கத் தொடங்கியது, நாலு மணிக்கு அடிமட்டம். அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் மைசூர் பாக் வாங்கிக் கொடுத்தேன். தொழில் பழகுகிற பையன் ஒருவன் மட்டும், "சார், ராத்திரி பத்து மணி உச்சம் எங்கே?" என்றான். இல்லை. இரவு முழுக்கக் கோடு மெதுவாக ஏறிக்கொண்டே போய் விடிகாலையில் உச்சத்தில் நின்றது. நாங்கள் பார்த்தது ஓதம் கிடையாது, தகரக் கூரை சூடாகி ஆறுவதை.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்னாலேயே போட்டிருக்கலாம். அலைநீளம் மாறினால் தங்கத்தின் குணமும் மாறும். 633 பக்கத்தில் ஒரு நானோமீட்டர் நகர்ந்தாலே பள்ளம் நகர்வது ஏறக்குறைய ஒரு பார் காற்றுக்குச் சமம். சிவப்பு டயோடு லேசர் ஒரு டிகிரி வெப்பத்துக்கு 0.2 நானோமீட்டர் போல நகரும். ஆக ஒரு டிகிரிக்கு இருநூறு மில்லிபார் பக்கம் பொய் சொல்லும். பெட்டிக்குள் இருந்த லேசர் பகலில் இரண்டு டிகிரி சூடானால் முந்நூறு மில்லிபாரைத் தாண்டும். பெங்களூரு கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 920 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே அழுத்தம் 910 மில்லிபார் பக்கம். என் பெட்டியை நம்பினால் ஊர் தினமும் மதியம் லே நகரத்துக்கும் மேலே ஏறிப்போய் இரவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. வோல்ட்டில் வரைந்து வைத்து அளவுகோல் போடாமல் விட்டதால் யாருக்கும் உறைக்கவில்லை.

இதையெல்லாம் சரிசெய்யலாம். ஹீலியம்-நியான் போடலாம், வெப்பநிலையை நூறில் ஒரு டிகிரிக்குப் பிடித்து வைக்கலாம், பக்கத்திலேயே ஒரு ஒப்பீட்டுப் படலம் வைத்துக் கழித்துக்கொள்ளலாம். சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது: தண்ணீர். தங்கத்தின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு அடுக்கு நீர் ஒட்டினால், என் கணக்கில், பள்ளம் நகர்வது ஒரு முழு வளிமண்டலம் காட்டுகிற நகர்வின் அளவிலேயே வருகிறது. பரப்பில் ஒட்டுவதைப் பிடிப்பதற்காகவே பிறந்த கருவி இது, மருந்துக்காரர்கள் இதைக் கொண்டாடுவதே அதனால்தான். அந்த வரமே நமக்குச் சாபம். பெங்களூருவில் ஜூன் மாதம் மழை பிடித்ததும் சென்சார் சேம்பரை ஒரு தடவை திறந்து மூடினால் போதும், பிறகு எத்தனை மணி நேரம் பம்ப் ஓடினாலும் கோடு இறங்கிக்கொண்டே இருக்கும். எது வாயு, எது ஒட்டிய நீர் என்று பிரிக்க அந்த ஒரு பள்ளத்தை மட்டும் வைத்துக்கொண்டு வழியில்லை.

பையன் இதற்குத் தயாராக வந்திருந்தான். நேரடியாக வாயுவைப் பார்க்க வேண்டாம், நடுவில் ஒரு சவ்வோ பாலிமரோ வைத்து, அழுத்தத்தை வேறு ஏதாவது மாற்றமாக்கி அதை எஸ்.பி.ஆர். பார்க்கட்டும் என்றான். யோசனை நல்லது. அழுத்தத்தை உண்மையிலேயே அழுத்தமாக அளக்கிற வழி அதுதான். இதில் இரண்டு கிளை. ஒன்று ஓட்டோ அமைப்பு: முப்பட்டகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே சில நூறு நானோமீட்டர் இடைவெளி, உலோகம் ஒரு மெல்லிய சவ்வின் மேல், அழுத்தம் சவ்வைத் தள்ளினால் இடைவெளி குறைந்து பள்ளத்தின் ஆழம் மாறும். நானோமீட்டர் அசைவையே பிடித்துவிடும். ஆனால் ஒரு மைக்ரான் தூசி உள்ளே போனால் இடைவெளியைவிடத் தூசி பெரிது. பீன்யாவில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன் என்று நான் சொன்னால் என் மனைவியே சிரிப்பாள், தூசியில்லா அறை இல்லாமல் நடக்காது. இன்னொரு கிளை, தங்கத்தின் மேல் பிடிஎம்எஸ் என்ற சிலிகோன் ரப்பரைப் பூசுவது, அல்லது பூசிய ஒளியிழையை அதற்குள் புதைப்பது. ரப்பர் அழுந்தினால் அதன் ஒளிவிலகல் எண் மாறும், மாற்றமும் வெறும் வாயுவைவிடப் பெரிது. தாளில் பார்க்க அழகு. ஆனால் பிடிஎம்எஸ் ஒரு டிகிரி சூடானால் அதன் ஒளிவிலகல் எண் 0.00045 இறங்கும். காற்றின் கணக்கில் அது ஒன்றரை பாருக்கு மேல்! போதாததற்குக் கரியமில வாயு போன்றவை ரப்பருக்குள் கரைந்து அதை ஊதவைக்கும். அழுத்தத்தை இறக்கினாலும் கொஞ்ச நேரத்துக்குப் பழைய எண்ணிலேயே நிற்கும். வாயு வகைப் பிரச்சினையிலிருந்து தப்பிக்க வந்த இடத்தில் அதே பிரச்சினை வேறு சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இப்போது போட்டிக்கு நிற்கிறவர்களைப் பார்ப்போம். எனக்குப் பிடித்தது ஃபேப்ரி-பெரோ, அதை ஒளிக்கவில்லை. ஒளியிழையின் நுனியில் இரண்டு பிரதிபலிப்புப் பரப்புகள், நடுவே ஒரு குட்டிக் குழி, இரண்டிலிருந்தும் திரும்புகிற ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறமாலையில் வரிவரியாக ஏற்ற இறக்கம் காட்டும். குழியைத் திறந்து விட்டால் வாயு உள்ளே வரும், ஒளிவிலகல் எண் மாறும், வரி நகரும். 1550 நானோமீட்டரில் காற்றுக்கு ஒரு பாருக்கு 0.4 நானோமீட்டர். ஒரு பிக்கோமீட்டர் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்வைப் படிக்கிற கருவி இருந்தால் 2.4 மில்லிபார். எண்ணை மட்டும் பார்த்தால் நல்ல எஸ்.பி.ஆரும் இதுவும் ஒரே தட்டுதான், அதனால்தான் ஆய்வுக் கட்டுரைகளில் உணர்திறன் எண்ணை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்காதே என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒளி குழியின் முழு நீளத்திலும் வாயுவுக்குள் நடந்து போகிறது, பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. அதே ஓரடுக்கு நீர் இரண்டு முகங்களிலும் ஒட்டினாலும், நூறு மைக்ரான் குழியில் பிழை சில மில்லிபார்தான். அங்கே ஒரு வளிமண்டலம், இங்கே சில மில்லிபார். தங்கம் வேண்டாம், படலம் உரிகிற பயம் வேண்டாம், சிலிகா வெப்பத்துக்கு விரிவதும் மிகக் கம்மி.

இந்தப் பாதையைக் கடைசி வரை கொண்டுபோனவர்கள் அமெரிக்காவின் தேசிய அளவுத் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.க்காரர்கள். அவர்களிடம் மூன்று மீட்டர் உயரப் பாதரச அழுத்தமானி ஒன்று தரநிலையாக இருந்தது. பாதரசத்தைக் குறைக்க மினமாட்டா ஒப்பந்தம் 2017-ல் நடைமுறைக்கு வந்துவிட்ட காலத்தில், அதற்கு மாற்றாக நீளம் மாறாத ஒளிக் குழியில் லேசரைப் பூட்டி, வாயுவின் ஒளிவிலகல் எண்ணிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடுகிற முறையை உருவாக்கினார்கள். ஹீலியத்தின் ஒளிவிலகலைக் குவாண்டம் கணக்கிலிருந்தே பெறலாம் என்பதால் அது தரநிலைக்கே லாயக்கு. ஆக, ஒளிவிலகல் வழியாக அழுத்தம் என்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. அங்கேயும் அடர்த்திதான் அளக்கப்படுகிறது, வெப்பநிலையை மிகக் கறாராக அளந்துதான் அழுத்தத்துக்கு மாறுகிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது கூரிய கோடு கிடைக்கிற குழியை. உலோகப் படலத்தின் அகலப் பள்ளத்தை வைத்து அந்த வேலையைச் செய்ய முடியாது.

குழியின் வாயை மெல்லிய சவ்வால் மூடி, உள்ளே வெற்றிடம் ஆக்கிவிட்டால் அது நிஜமான அழுத்தமானி. வெளியே எந்த வாயு என்பது பொருட்டில்லை. இருதய ரத்தக்குழாய்க்குள் போகிற அழுத்தக் கம்பிகளிலேயே இந்த வகை இருக்கிறது. உள்ளே காற்றை அடைத்து மூடினால் அந்தக் காற்று சூட்டில் விரிந்து தன் பங்குக்குப் பொய் சொல்லும், அதற்குத்தான் வெற்றிடம். ஹீலியம் மட்டும் கொஞ்சம் போக்கிரி, சிலிகா கண்ணாடி வழியாகவே மெதுவாக உள்ளே நுழைந்துவிடும். ஹீலியத்தில் நீண்ட காலம் வைக்கிறதாக இருந்தால் கவனம்.

ஃபைபர் பிராக் கீற்றணியைப் பற்றி, அதாவது ஒளியிழைக்குள்ளேயே பதித்து ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்புகிற கீற்றணியைப் பற்றி, நிறையப் பேர் கேட்பார்கள், நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் அதில் நிறைய வேலை நடந்திருப்பதால் பேர் பிரபலம். வெறும் ஃபைபரை வாயுவில் தொங்கவிட்டால் 10 பாருக்கு மூன்று பிக்கோமீட்டர்தான் நகரும், ஒரு டிகிரி வெப்பத்துக்கோ பத்து பிக்கோமீட்டர். அதாவது ஒரு டிகிரி என்பது முப்பது பார். வாயு அழுத்தத்துக்கு வெறும் கீற்றணி ஆகாது. உலோகச் சவ்வில் ஒட்டி, பக்கத்தில் வெப்பத்துக்கென்று இன்னொன்று வைத்தால் நன்றாகவே உழைக்கும். ஒரே இழையில் பத்து இருபது இடங்களில் அளக்க வேண்டியிருந்தால் அதற்கு நிகர் இல்லை.

ஹைட்ரஜன்காரருக்கு நான் சொன்னது சுருக்கம்: அழுத்தினால் மின்தடை மாறுகிற சாதாரண பீசோ-மின்தடை டிரான்ஸ்மிட்டர், தீப்பொறி வராத அளவுக்குச் சக்தியைக் கட்டுப்படுத்தும் பாரியர், அபாயப் பகுதிக்கான பெசோ (வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) சான்றிதழ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அவர் கொஞ்சம் ஏமாந்தார். ஒளி என்றால் வெடிக்காது, மின்சாரம் என்றால் வெடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாலு முதல் இருபது மில்லியாம்ப் லூப்பில் வருகிற சென்சாரைப் பாதுகாப்பாக வைப்பது எப்படி என்பது தொழிற்சாலைகளுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த வித்தை, சான்றிதழ் இல்லாத என் கைவேலைப் பெட்டியைவிட அது ஆயிரம் மடங்கு பாதுகாப்பு. ஹைட்ரஜன் வாயு சவ்வின் உலோகத்துக்குள்ளேயே ஊறும் என்பதால் அதற்கேற்ற சவ்வா என்று மட்டும் கேட்டு வாங்கச் சொன்னேன். உயர் மின்னழுத்தத்துக்குப் பக்கத்திலோ எம்.ஆர்.ஐ. அறைக்குள்ளோ வைக்க வேண்டும் என்று வந்திருந்தால் பேச்சு வேறு, அங்கே சவ்வு மூடிய ஃபேப்ரி-பெரோவைக் கை காட்டியிருப்பேன்.

அப்படியானால் எஸ்.பி.ஆர். எங்கே? அடர்த்தியே வேண்டும் என்கிற இடங்கள் உண்டு. மின் நிலையங்களில் இணைப்பைச் சேர்க்கவும் துண்டிக்கவும் உள்ள வாயு அடைத்த ஸ்விட்ச்கியர்களில் எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) வாயுவைப் பல பார் அழுத்தத்தில் அடைத்து வைக்கிறார்கள். அங்கே மின்காப்புத் திறனைத் தீர்மானிப்பது அடர்த்திதான், வெயிலில் அழுத்தம் ஏறினாலும் காப்பு ஏறாது. அதனால்தான் அங்கே வெறும் கேஜுக்குப் பதில் வெப்பத்துக்கு ஈடுசெய்த அடர்த்தி மானிட்டர் மாட்டுகிறார்கள். ஒளிவிலகல் வழியாக அளந்தால் அந்த ஈடுசெய்யும் வேலையே வேண்டாம், நேரே அடர்த்தி வந்துவிடும். எஸ்.எஃப்.6-க்கு ஒளிவிலகல் காற்றைவிட இரண்டரை மடங்குக்கு மேல், உள்ளே ஈரம் உறிஞ்சியும் வைத்திருப்பார்கள், ஒட்டுகிற நீர்ப் பிரச்சினை குறையும். எஸ்.பி.ஆருக்கு இதைவிடச் சொகுசான வீடு கிடைக்காது. இங்கேயும் திறந்த ஃபேப்ரி-பெரோ வந்து அதே வேலையைத் தங்கமில்லாமல் செய்துவிடும் என்பதுதான் வருத்தம்.

எஸ்.பி.ஆர். தனியாக ஜெயிக்கிற இடம் பரப்புதான். தங்கத்துக்குப் பதில் பல்லேடியம் வைத்தால் ஹைட்ரஜன் அதற்குள் ஊறி உலோகத்தின் ஒளிக்குணத்தையே மாற்றும். அழுத்தம் அளப்பதைவிட, கசிவைப் பிடிப்பது அதற்குப் பல மடங்கு பொருத்தம். ஹைட்ரஜன்காரரிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது: லைனுக்குள்ளே மின் டிரான்ஸ்மிட்டர், வெளியே கசிவுக்கு ஒளி சென்சார், அது பரவாயில்லையே என்றார். அதைக் கட்டித் தருகிறவன் நான் இல்லை என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

பையன் விஷயம் வேறு. அவனுக்குப் பொருள் விற்க வேண்டியதில்லை, ஒரு வருடத்தில் உண்மையான ஒரு முடிவு வேண்டும். எஸ்.பி.ஆரை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. படிப்பதற்கு அதைப் போல ஒரு பரிசோதனை கிடையாது, அலையியல், உலோக ஒளியியல், வெற்றிடப் பூச்சு, தரவுப் பொருத்தம் எல்லாம் ஒரே மேசையில் வந்துவிடும். படலத்துக்கு இந்திய அறிவியல் கழகத்தின் நானோ மையத்தில் வெளியாட்களுக்கும் கட்டணத்தில் வசதி இருக்கிறது, அடியில் இரண்டு மூன்று நானோமீட்டர் குரோமியம் போடாவிட்டால் தங்கம் தோலுரிந்துவிடும் என்பதை மட்டும் சொல்லி வைத்தேன். தங்கம் என்றதும் அக்கா போனில் பதறினாள், பவுன் என்ன விலை விற்கிறது என்று. சதுர சென்டிமீட்டருக்கு ஐம்பது நானோமீட்டர் என்றால் பத்தில் ஒரு மில்லிகிராம், அக்கா மூக்குத்தியை உரசினாலே வந்துவிடும். செலவு தங்கத்தில் கிடையாது, பூசுகிற இயந்திரத்தின் நேரத்தில் இருக்கிறது.

நான் சொன்னது இவ்வளவுதான்: தலைப்பில் அழுத்தம் என்ற வார்த்தையை எடு. ஒரே சேம்பருக்குள் தங்கப் படலம் ஒன்று, திறந்த ஃபேப்ரி-பெரோ ஒன்று, பக்கத்தில் எஸ்.பி. ரோட்டுச் சில்லு ஒன்று, வெப்பநிலை அளக்க நல்ல தெர்மிஸ்டர் ஒன்று. காற்று, கரியமில வாயு, ஹீலியம் மூன்றையும் விட்டுப் பார். ஃபேப்ரி-பெரோவும் தங்கமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார். பிரிகிற அந்த மிச்சம்தான் பரப்பில் ஒட்டியது, அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினால் அதுவே ஆய்வு. நாலு நாள் முறைத்துக்கொண்டிருந்தான், கைடிடம் எப்படிச் சொல்வது என்று. அப்புறம் அவனே போய்ப் பேசியிருக்கிறான், தலைப்பு மாறிவிட்டது.

போன சனிக்கிழமை ஆட்டோவில் பீன்யா வந்து என் பழைய பெட்டியைத் திறந்தான். முப்பட்டகம், சுழல் மேசை, டிடெக்டர், சேம்பர் எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டான். டயோடு லேசரை மட்டும் என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனான்.